நூறு மில்லிக்கு மேல்

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு
கழிவறை போகாமல் வரச் சொன்னது குறுஞ்செய்தி.
பதினோரு வருடமாய்
நூறு மில்லிக்கு மேல் யாரையும்
கொண்டுபோக விடாதவள் நான்.

சாங்கியில் இரவு வேலை.
பெட்டி உருண்டு வரும், திரையில் வயிறு திறக்கும்.
உயிராய் இருந்ததெல்லாம் ஆரஞ்சு,
இரும்பு நீலம்,
ரெண்டுங்கெட்டான் பச்சை.
மாவடு, பித்தளை வேல், துணிக்குள் சுருட்டிய பல்செட்
மூன்று விநாடி போதும் எனக்கு.

கண்டாங் கெர்பாவில்
(ஆஸ்பத்திரி இரண்டெழுத்தாய்ச் சுருங்கிவிட்டது,
மலாயில் இன்னும் எருமைத் தொழுவம்தான்)
சில்லென்ற களிம்பைத் தடவி
அஃபிகா கருவியை உருட்டினாள்.
வண்ணமே இல்லை.
மழை பெய்யும் பழைய டிவி.
நகர்ந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
புள்ளிக்கோடு இழுத்தாள்.

தெரியும் அந்த மௌனம்.
"பெட்டியைத் திறக்கலாமா சார்?"
என்பதற்கு முன்
நான் விடுவது.

டாக்டர் சியோங்
தலைகீழாய் ஒரு பேரிக்காய் வரைந்தார்
பக்கத்துக்கொன்றாய் பாதாம்.
இடதில் பேனா சுற்றிச் சுற்றி வந்தது:
ஆறு புள்ளி இரண்டு.
நீர்க்கட்டி மாதாமாதம் வரும், தானே போகும்,
வெறும் நீரென்றால்
இரண்டு மாதம் பொறுத்து இன்னொரு ஸ்கேன், அவ்வளவுதான்.
மாத்திரை
புதிதாய் வருவதைக் குறைக்குமே தவிர
இருப்பதைக் கரைக்காது.
உங்களுடையது நீர் இல்லை.
கொழுப்பு. முடி. சிலருக்குப் பல்.

பல்லா?

பெரும்பாலும் சாதுதான், பயப்படாதீர்கள்,
எடுத்தபிறகு சோதனைக்கு அனுப்புவோம்.
ஆனால் கனத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டால்,
குத்தும் வலி, வாந்தி,
நடுராத்திரி என்று பார்க்காமல் வந்துவிடுங்கள்.

நான் தினம் கேட்கிறேன்
இந்தப் பெட்டியை அடுக்கியது நீங்கள்தானா
யாராவது கொடுத்தனுப்பினார்களா என்று.
பயணிகள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.

அம்மாவுக்கு போனில் ஒரே பதில்:
சூடு.
ராத்திரி முழித்தால் வேறென்ன வரும்,
வெந்தயம் ஊறப்போட்டுக் குடி.
அப்புறம் குரல் இறங்கியது.
பையை எடுத்துடமாட்டாங்களே?
ஈசூன் அத்தைகிட்ட மூச்சு விடாதே.

படிவத்தின் நான்காம் வரி
"அவசியமானால் சினைப்பையையும் அகற்ற."
கட்டியை மட்டும் உரிக்கத்தான் பார்ப்போம் என்றார்,
முடியாமல் போனாலும்
இன்னொன்று இருக்கிறது, அது போதும்.
முப்பத்தாறு வயதில்
எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
மை வராத பேனாவை உதறி
சுகிர்தா த/பெ அரங்கநாதன் என்று எழுதினேன்.

மூன்று துளை.
உள்ளேயே சின்னதாய் ஒரு பை விரித்து
அதைப் போட்டு, வாய் சுருக்கி,
தொப்புள் வழியே இழுத்தார்களாம்.
சினைப்பை தங்கிவிட்டது, ஒரு தையலோடு.
வயிற்றில் கை வைத்தார்கள், வலித்தது தோள்!
ஊதிய காற்று மேலே ஏறி நிற்குமாம், இரண்டு நாள்.
அந்த இரண்டு நாள்
யாரையோ சுமந்து இறக்கிய மாதிரி இருந்தது.

பல் இருந்ததா என்றேன், மறு சந்திப்பில்.
காகிதத்தைத் திருப்பிப் பார்த்து
பாதி என்றார்.
புற்று இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார்,
நான்தான் இதைக் கேட்கக் காத்திருந்தேன்.

வேலைக்குத் திரும்பிய இரவு
ஹஃபிஸா தன் நாற்காலியின் மெத்தையை எடுத்து
என் முதுகுக்கு வைத்தாள்.
விடியற்காலை சென்னை விமானம்,
வழக்கம்போல் ஒரு பெட்டி கூடுதல் கனம்.
கொஞ்சம் தூக்கி வைங்கம்மா, என்றார் பெரியவர்.
எனக்கு ஆறு வாரம் ஆகவில்லை ஐயா,
நீங்களே தூக்குங்கள் என்றேன்,
எதிலிருந்து ஆறு வாரம் என்று
அவர் கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன்.